பிடிஎஸ்டிக்கு என்ன வைத்தியம்? தெரபி, மாத்திரை, யோகா, மூலிகை பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

நான் டாக்டர் இல்லைங்க. ஒரு ராத்திரி பஸ் விபத்துல உயிர் தப்பி வந்தவ. உடம்புல பட்ட காயம் ரெண்டே மாசத்துல ஆறிடுச்சு, மனசுல பட்டது ஆற நாலு வருஷம் ஆச்சு, அதுல மூணு வருஷம் யார் யாரோ சொன்னதையெல்லாம் பண்ணிப் பார்த்தே போயிடுச்சு. எந்த வைத்தியம் எதுக்கு, எது முதல்ல எது அப்புறம்னு அன்னைக்கு யாராவது உட்கார வெச்சு சொல்லியிருந்தா அந்த மூணு வருஷம் மிச்சமாயிருக்கும். அந்த ஆதங்கத்துலதான் இதை எழுதறேன். அதே மாதிரி மாட்டிக்கிட்டவங்களும் அவங்க வீட்டு ஆளுங்களும் என்கிட்ட கேட்ட கேள்விகள்தான் இதெல்லாம்.

பிடிஎஸ்டின்னா என்ன? பயம் எல்லாருக்கும் இருக்கறதுதானே?

போஸ்ட் ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்ங்கறதோட சுருக்கம்தான் பிடிஎஸ்டி, ஒரு கொடுமை நடந்ததுக்கு அப்புறம் வர்ற மனநோய். பயம் எல்லாருக்கும் இருக்கும், ஆனா ஆபத்து போனதும் பயமும் போயிடணும். இதுல அது போகாது. விபத்து, பாலியல் வன்முறை, போர், அடிதடி, வெள்ளம், கண்ணு முன்னாடி ஒரு சாவுன்னு ஏதோ ஒண்ணு நடந்து முடிஞ்சு மாசக்கணக்கா ஆகியும் உடம்பு மட்டும் அது இப்பதான் நடக்குதுன்னு நம்பிக்கிட்டே இருக்கும். டாக்டருங்க முக்கியமா நாலு விஷயம் பார்ப்பாங்க. வேண்டாம்னாலும் அந்த நினைப்பு கனவாவோ, திரும்பவும் இப்பவே நடக்கற மாதிரி தோணற ஃப்ளாஷ்பேக்காவோ வந்து விழறது. அதை ஞாபகப்படுத்தற இடம், ஆளு, பேச்சு எல்லாத்தையும் தவிர்க்கறது. எதுலயும் பிடிப்பு இல்லாம போய் "எல்லாம் என்னாலதான்"னு மனசு இருண்டு கிடக்கறது. அப்புறம் எப்பவும் உஷாராவே இருக்கறது, தூக்கம் வராதது, சின்ன சத்தத்துக்கும் தூக்கி வாரிப் போடறது. இது ஒரு மாசத்துக்கு மேல நீடிச்சு வேலையையும் குடும்பத்தையும் பாதிச்சா அதுதான் பிடிஎஸ்டி.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்"னு சொல்லி நம்மளை அடக்கிடுவாங்க. அந்தப் பழமொழி உண்மைதான், ஆனா அரண்டது அவன் குத்தமா? முதல் உலகப்போர்ல சிப்பாய்ங்களுக்கு இது வந்தப்போ 1915லயே ஒரு மருத்துவப் பத்திரிகையில "ஷெல் ஷாக்"னு எழுதினாங்க, அப்பவும் கோழைன்னு பேர் வாங்கினவங்க நிறைய பேர். பிடிஎஸ்டிங்கற பேர்லயே அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல ஏறினது 1980லதான்.

கொடுமையை அனுபவிச்ச எல்லாருக்கும் இது வருமா?

வராது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி உலகத்துல சுமார் 70 சதவீதம் பேர் வாழ்க்கையில ஒரு தடவையாவது இப்படி ஒரு சம்பவத்தை சந்திக்கறாங்க, அவங்கள்ல 5.6 சதவீதம் பேருக்குத்தான் பிடிஎஸ்டி வருது. பாலியல் வன்முறை, போர் மாதிரி விஷயங்கள்ல இது ரொம்ப அதிகம். அதனால "அவனும்தான் அதே பஸ்ல வந்தான், அவன் நல்லாத்தானே இருக்கான்"ங்கற பேச்சை காதுல வாங்காதீங்க.

நடந்து பத்து நாள்தான் ஆச்சு. உடனே கவுன்சிலிங் கூட்டிட்டுப் போகணுமா?

முதல் சில வாரம் தூக்கம் கெடறது, அழறது, அதே நினைப்பா இருக்கறது எல்லாம் சகஜம், பெரும்பாலானவங்களுக்கு அது தானாவே இறங்கிடும். முன்னாடியெல்லாம் சம்பவம் நடந்த உடனே எல்லாரையும் உட்கார வெச்சு நடந்ததை முழுசா சொல்லச் சொல்லி ஒரே செஷன் நடத்துவாங்க. அது பிடிஎஸ்டி வராம தடுக்கலைன்னும் சிலருக்கு நிலைமையை மோசமாக்குதுன்னும் ஆராய்ச்சியில தெரிஞ்சு அதை இப்ப பரிந்துரைக்கறது இல்ல. இப்ப தேவை பாதுகாப்பான இடம், சாப்பாடு, தூக்கம், கூட ஒரு ஆளு. பேசினா கேளுங்க, பேசலைன்னா நோண்டாதீங்க. ஆனா ஆளு சுத்தமா செயலிழந்து இருந்தாலோ, சாகணும்னு பேசினாலோ நாள் கணக்கு பார்க்காம அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க.

சரி, எந்த வைத்தியத்துக்குத்தான் ஆதாரம் அதிகம்?

நேரா சொல்லிடறேன். நடந்த சம்பவத்தையே மையமா வெச்சுப் பண்ற பேச்சு சிகிச்சைக்குத்தான். சும்மா ஆறுதலா பேசற கவுன்சிலிங் வேற, இது வேற, இந்த வித்தியாசம் தெரியாமத்தான் எனக்கு ஒரு வருஷம் போச்சு.

இதுல மூணு பேர் அடிக்கடி காதுல விழும். முதல்ல ப்ரொலாங்டு எக்ஸ்போஷர், அதாவது பயப்படற ஞாபகத்தையும் இடங்களையும் படிப்படியா எதிர்கொள்ள வைக்கறது, எட்னா ஃபோவாங்கற சைக்காலஜிஸ்ட் உருவாக்கினது, வழக்கமா 8லருந்து 15 செஷன், ஒவ்வொண்ணும் ஒன்றரை மணி நேரம். ரெண்டாவது காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி, பட்ரீஷியா ரெசிக் உருவாக்கினது, சுமார் 12 செஷன். இதுல சம்பவத்தை விலாவாரியா சொல்லச் சொல்றதை விட, அது ஏன் நடந்துச்சுன்னு நீங்க நம்பறீங்களோ அதை எழுதச் சொல்லுவாங்க, அந்த எழுத்துல ஒளிஞ்சிருக்கற "நான் அந்த சீட்டை அவளுக்கு விட்டுக் குடுத்திருக்கக் கூடாது" மாதிரி முள்ளு முள்ளா குத்தற நம்பிக்கைகளை ஒண்ணொண்ணா எடுத்து இதுக்கு என்ன ஆதாரம், அன்னைக்கு உனக்கு என்ன தெரியும், இன்னைக்கு தெரிஞ்சதை வெச்சு அன்னைக்கு இருந்தவளை ஏன் தண்டிக்கறேன்னு கேப்பாங்க. குற்ற உணர்ச்சியிலயே மூழ்கிக் கிடக்கறவங்களுக்கு இது நல்லா பொருந்தும்ங்கறது நான் பார்த்த வரைக்கும் என் அபிப்ராயம். மூணாவது கண்ணசைவை வெச்சுப் பண்ற இஎம்டிஆர், அதுக்குத் தனிக் கேள்வியே இருக்கு.

இந்த மூணுல எது உசத்தின்னு சண்டை போட வேண்டாம், பலன் கிட்டத்தட்ட ஒண்ணுதான், உங்களுக்குப் பக்கத்துல எதுல நல்லா பழகின ஆளு இருக்காரோ அதை எடுத்துக்கோங்க. நேர்ல போக முடியலைன்னா வீடியோ கால்ல பண்ணலாம், அதுவும் வேலை செய்யுது. ரொம்ப பேச முடியாதவங்களுக்கு எழுதியே பண்ற அஞ்சு செஷன் சிகிச்சையும் இருக்கு. போர்லயும் அகதி வாழ்க்கையிலயும் பல கொடுமைகளை அடுத்தடுத்து பார்த்தவங்களுக்காக, பிறந்ததுலருந்து வாழ்க்கையை ஒரு கதை மாதிரி வரிசைப்படுத்தி சொல்ல வைக்கற நரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபியும் இருக்கு.

அதையே திரும்பத் திரும்பப் பேசினா இன்னும் மோசமாகாதா? மறக்கறதுதானே நல்லது?

இதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க, நானும் கேட்டேன். மறக்க முடிஞ்சிருந்தா இதெல்லாம் எதுக்கு?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கே போகாதுன்னு சொல்லுவாங்க. அந்தப் பூனைக்கு அடுப்பு அணைஞ்சது எப்படித் தெரியும்? போகாத வரைக்கும் தெரியவே தெரியாது. நான் பஸ் ஏறறதை நிறுத்தினேன், அப்புறம் ராத்திரி வெளிய போறதை நிறுத்தினேன், அப்புறம் ஹாரன் சத்தம் கேக்கற ரூம்ல படுக்கறதை நிறுத்தினேன், ஒவ்வொண்ணா நிறுத்த நிறுத்த அந்த நிமிஷம் நிம்மதியா இருக்கும், ஆனா என் உலகம் ஒரு ரூம் அளவுக்கு சுருங்கிப் போச்சு. தவிர்க்கறதுதான் இந்த நோய்க்குத் தீனி, இதை எனக்கு விளங்க வெச்சது என் தெரபிஸ்ட்.

அவங்க எனக்குப் பண்ணின ப்ரொலாங்டு எக்ஸ்போஷர் இதுதான். கண்ணை மூடிக்கிட்டு அந்த ராத்திரியை இப்ப நடக்கற மாதிரி "நான் ஜன்னலோரமா உட்கார்ந்திருக்கேன், டிரைவர் பிரேக் போடறாரு"ன்னு நிகழ்காலத்துல சொல்லச் சொன்னாங்க. நடுநடுவுல பதட்டம் நூத்துக்கு எவ்வளவுன்னு கேப்பாங்க, முதல் நாள் 95 சொன்னேன், வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு. அதை ரெக்கார்டு பண்ணிக் குடுத்து தினம் வீட்ல கேக்கச் சொன்னாங்க. கூடவே நின்ன பஸ்ல அஞ்சு நிமிஷம் உட்கார்றது, ஒரு ஸ்டாப் போறது, சாயங்காலம் போறதுன்னு படிப்படியா ஒரு ஏணி மாதிரி போட்டுக் குடுத்தாங்க. முதல் ரெண்டு மூணு வாரம் கனவு கூடத்தான் செஞ்சுச்சு, பலருக்கும் இப்படி ஆகும், அந்த இடத்துலதான் நிறைய பேர் விட்டுட்டு ஓடிடறாங்க. எட்டாவது வாரம் அதே கதையைச் சொல்லும்போது 30தான் இருந்துச்சு, அழுதேன், ஆனா அது பயத்துல வந்த அழுகை இல்ல, செத்துப் போன அந்தப் பக்கத்து சீட்டுப் பொண்ணுக்காக முதல் தடவையா அழுதேன்.

இதைப் படிச்சுட்டு தனியா வீட்ல உட்கார்ந்து ட்ரை பண்ணாதீங்க. பழகின ஆளு கூட இருந்துதான் பண்ணணும்.

இஎம்டிஆர்ல கண்ணை இடமும் வலமும் ஆட்டினா சரியாகுதாமே, இது ஏமாத்து வேலையா?

ஏமாத்து வேலை இல்ல. ஃப்ரான்சின் ஷாபிரோ 1987ல கண்டுபிடிச்சது, 2013ல உலக சுகாதார நிறுவனமே பிடிஎஸ்டிக்கான சிகிச்சையில இதையும் சேர்த்துச்சு. கெட்ட ஞாபகத்தை மனசுல வெச்சுக்கிட்டே தெரபிஸ்டோட விரல் அசைவைக் கண்ணால தொடர்வீங்க, கொஞ்சம் கொஞ்சமா அந்த ஞாபகத்தோட சூடு குறையும். கண்ணு அசையறதுதான் வேலை செய்யுதா, இல்ல ஞாபகத்தை எதிர்கொள்றதுதான் வேலை செய்யுதாங்கற விவாதம் ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் ஓடுது. கஷ்டப்படறவங்களுக்கு அந்த விவாதம் முடியற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. விலாவாரியா வாய் விட்டுச் சொல்ல கூச்சப்படறவங்களுக்கு இது கொஞ்சம் சுலபம்.

மாத்திரை சாப்பிட்டா போதாதா?

மாத்திரைக்கும் ஆதாரம் இருக்கு, ஆனா பொதுவா தெரபி அளவுக்கு இல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பிடிஎஸ்டிக்குன்னே அனுமதிச்சது ரெண்டே மருந்துதான், செர்ட்ராலினும் பராக்ஸெட்டினும். வென்லாஃபாக்ஸினும் வழிகாட்டி நெறிமுறைகள்ல இருக்கு. இதெல்லாம் டிப்ரஷனுக்குக் குடுக்கற மாத்திரைங்கதான். பலன் தெரிய நாலு ஆறு வாரம் ஆகும், ஆனா குமட்டல், தலைவலி, தூக்கக் கோளாறு, தாம்பத்யத்துல நாட்டம் குறையறது மாதிரி தொல்லைங்க முதல் வாரத்துலயே வந்துடும், அதனாலதான் "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல"ன்னு பாதியில தூக்கிப் போட்டுடறாங்க. ஒத்துக்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி மாத்துங்க, திடீர்னு நிறுத்தாதீங்க, தலைசுத்தலும் எரிச்சலும் ஆளைப் படுத்தி எடுத்துடும். 25 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல தற்கொலை எண்ணம் கூடுதான்னு வீட்ல கவனிச்சுக்கிட்டே இருக்கணும்.

தெரபி கிடைக்காத இடத்துல இருக்கீங்க, இல்ல பேசவே தெம்பில்லாத அளவுக்கு டிப்ரஷன் இருக்குன்னா மாத்திரையில ஆரம்பிக்கறதுல தப்பே இல்ல. மாத்திரை சாப்பிட்டு கொஞ்சம் எழுந்து உட்கார்ந்து அப்புறம் தெரபிக்குப் போனவங்க நிறைய பேர்.

தூக்கமே இல்ல, அல்ப்ரஸோலம் மட்டும் போட்டுக்கறேன், பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். அல்ப்ரஸோலம், குளோனஸிபம் மாதிரி மாத்திரைங்க அன்னைக்கு ராத்திரி அமுக்கி வைக்கும், பிடிஎஸ்டியை குணப்படுத்தாது, பழக்கமாயிடும், தெரபியோட பலனையும் கெடுக்கலாம். இதை பிடிஎஸ்டிக்குக் குடுக்க வேண்டாம்னுதான் நெறிமுறைகள் சொல்லுது. ஆனா மாசக்கணக்கா சாப்பிட்டுட்டு இருந்தீங்கன்னா சட்டுனு நிறுத்தறது ஆபத்து, வலிப்பு கூட வரலாம், டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். தூக்கத்துக்கு தனியா ஒரு பேச்சு சிகிச்சை இருக்கு, அதைக் கேளுங்க.

கெட்ட கனவுக்கு ஏதாவது இருக்கா?

ப்ரேஸோசின்னு ஒரு பிளட் பிரஷர் மாத்திரை. சின்ன ஆராய்ச்சிகள்ல அருமையா வேலை செஞ்சுச்சு, 2018ல 304 முன்னாள் ராணுவத்தினரை வெச்சுப் பண்ணின பெரிய ஆராய்ச்சியில மருந்தே இல்லாத வெத்து மாத்திரையை விட ஒண்ணும் மேல இல்லைன்னு வந்துச்சு. இருந்தாலும் சிலருக்கு உதவுதுன்னு டாக்டருங்க இன்னும் குடுக்கறாங்க. முதல் டோஸ்ல பிரஷர் சட்டுனு இறங்கி மயக்கம் வரலாம், படுக்கப் போற நேரத்துல கம்மி டோஸ்லதான் ஆரம்பிப்பாங்க. மாத்திரை வேண்டாம்னா கனவோட முடிவைப் பகல்ல உட்கார்ந்து வேற மாதிரி மாத்தி எழுதி, அந்தப் புதுக் கனவை தினம் கொஞ்ச நேரம் மனசுல ஓட்டிப் பார்க்கற பயிற்சி ஒண்ணு இருக்கு, கேக்க சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், எனக்கு அது கை குடுத்துச்சு.

யோகா, தியானம், மூச்சுப்பயிற்சி இதெல்லாம்?

இதுங்களை வெறும் வெட்டி வேலைன்னு ஒதுக்கறவங்க ஒரு பக்கம், இது மட்டும் போதும் வேற ஒண்ணும் வேண்டாம்னு சொல்றவங்க ஒரு பக்கம், ரெண்டு பேர்கிட்டயும் நான் மாட்டியிருக்கேன்.

2014ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. வேற சிகிச்சையில சரியாகாத 64 பெண்களை எடுத்து, ஒரு பாதிக்கு பத்து வாரம் மெதுவான யோகா, இன்னொரு பாதிக்கு உடல்நல வகுப்பு. முடிவுல யோகா பண்ணினவங்கள்ல 31 பேர்ல 16 பேருக்கு பிடிஎஸ்டிக்கான அளவுகோலே பொருந்தல, மத்தவங்கள்ல 29க்கு 6. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா நல்ல சேதி. ஆழ்நிலை தியானத்தை வெச்சு 203 முன்னாள் ராணுவத்தினர்கிட்ட 2018ல பண்ணினதுலயும் பலன் தெரிஞ்சுச்சு. கவனம் பழகற தியான வகுப்புகளையும் 2023ல வந்த அமெரிக்க ராணுவ மருத்துவ நெறிமுறை ஒரு துணை வழியா ஏத்துக்குது, முதல் வரிசையில வைக்கல.

ஆனா ஒரு எச்சரிக்கை, இதை வகுப்பு எடுக்கறவங்க பல பேர் சொல்றதில்ல. கண்ணை மூடி அமைதியா உட்கார்ந்தா சிலருக்கு அந்த ஞாபகம்தான் முதல்ல வந்து நிக்கும். எனக்கு முதல் வகுப்புலயே அப்படி ஆகி எழுந்து ஓடி வந்துட்டேன், மனசை அடக்கத் தெரியாதவன்னு என்னை நானே திட்டிக்கிட்டு ஆறு மாசம் அந்தப் பக்கமே போகல. கண்ணைத் திறந்து வெச்சே பண்ணலாம், ரெண்டு நிமிஷம் பண்ணினா போதும், சுவத்துப் பக்கம் முதுகு வெச்சு உட்காரலாம், வாத்தியார் தொட்டு நிமிர்த்த வர்றதுக்கு முன்னாடி வேண்டாம்னு சொல்லலாம். வேகமா மூச்சு இழுத்து விடற பயிற்சி பதட்டத்தை ஏத்தும், மூச்சை விடறதை மட்டும் நீளமாக்கினா உடம்பு அடங்கும். ஃப்ளாஷ்பேக் வர்ற நேரத்துல கண்ணுக்குத் தெரியற அஞ்சு பொருளை வாய் விட்டுச் சொல்றது, காலை தரையில அழுத்தறது, குளிர்ந்த தண்ணியில கை வைக்கறது, இதெல்லாம் அந்த நிமிஷத்தைக் கடக்க.

அக்குபங்சர்? மூலிகை?

அக்குபங்சருக்கு சில ஆராய்ச்சிகள்ல நல்ல பலன் வந்திருக்கு, சுத்தமான ஊசியோட தகுதியான ஆளு பண்ணினா ஆபத்தும் குறைவு, தெரபியை நிறுத்தாம கூடவே பண்ணிக்கோங்க. மூலிகை விஷயத்துல எனக்கு பயம் அதிகம். அஸ்வகந்தா பிடிஎஸ்டியை குணப்படுத்தும்ங்கறதுக்கு நம்பற மாதிரி ஆராய்ச்சி இல்ல, அரிதா கல்லீரல் பாதிப்பு வந்திருக்கு, தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்க கேக்காம தொடக் கூடாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்கற மூலிகையை செர்ட்ராலின் மாதிரி மாத்திரையோட சேர்த்து சாப்பிட்டா உடம்புல செரோட்டோனின்ங்கற ரசாயனம் ஏகத்துக்கும் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். என்ன சாப்பிடறீங்களோ எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க.

கஞ்சா, குடி?

வேண்டாம். ரெண்டும் அன்னைக்கு ராத்திரியை மட்டும் மரத்துப் போக வைக்கும். ஆனா குடிக்கறவங்களை "முதல்ல குடியை நிறுத்து அப்புறம் வா"ன்னு திருப்பி அனுப்பறதும் தப்பு, ரெண்டுக்கும் ஒரே நேரத்துல சிகிச்சை குடுக்கலாம்.

எம்டிஎம்ஏ போதை மருந்து, கழுத்துல ஊசி, இதெல்லாம் புதுசா வந்திருக்காமே?

எம்டிஎம்ஏவை தெரபியோட சேர்த்துக் குடுத்த ஆராய்ச்சிகள்ல பெரிய முன்னேற்றம் தெரிஞ்சுச்சு, அதனால எதிர்பார்ப்பும் எகிறுச்சு. ஆனா மருந்து சாப்பிட்டவங்களுக்கு தாங்க சாப்பிட்டது நிஜ மருந்துதான்னு சுலபமா தெரிஞ்சுடும், அப்ப பலன்ல எவ்வளவு மருந்தோடது எவ்வளவு எதிர்பார்ப்போடதுன்னு பிரிக்கறது கஷ்டம். இதையும் வேற சில குறைகளையும் காட்டி 2024 ஆகஸ்ட்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்து இன்னொரு ஆராய்ச்சி கேட்டுச்சு. ஆஸ்திரேலியாவுல 2023 ஜூலைலருந்து அனுமதி வாங்கின மனநல மருத்துவர்கள் மட்டும் குடுக்கலாம். தெருவுல கிடைக்கறதை வாங்கி வீட்ல பண்ற விஷயம் கிடையாது, இதயத்துக்கே ஆபத்து. கழுத்துல இருக்கற ஒரு நரம்பு முடிச்சுக்கு மரத்துப்போக ஊசி போடற முறைக்கு 2020ல ஒரு ஆராய்ச்சியில ஓரளவு பலன் தெரிஞ்சுச்சு, முழு முடிவுக்கு வர இன்னும் நிறைய வேணும்.

ஒரே நாள்ல சரி பண்றேன்னு ஒருத்தர் சொல்றார், போகலாமா?

போகாதீங்க. ஹிப்னாடிசம், போன ஜென்மம், ஒரே செஷன்னு என்ன பேர் வெச்சிருந்தாலும் சரி, மாத்திரையை நிறுத்துன்னு சொல்றவர், முழுப் பணத்தையும் முன்னாடியே கேக்கறவர், சரியாகலைன்னா உனக்கு நம்பிக்கை பத்தலைன்னு சொல்றவர், இந்த மூணுல ஒண்ணு இருந்தாலே திரும்பி வந்துடுங்க. நான் திரும்பி வரல, வந்திருக்கணும்.

எனக்கு ஒரு சம்பவம் இல்ல, சின்ன வயசுலருந்து வருஷக்கணக்கா நடந்துச்சு. எனக்கும் இதே சிகிச்சைதானா?

உங்களோடதுக்கு காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டின்னு தனிப் பேரே உலக சுகாதார நிறுவனத்தோட புது நோய்ப் பட்டியல்ல இருக்கு, அது 2022ல நடைமுறைக்கு வந்துச்சு. சொன்ன அறிகுறிகளோட கோபம் துக்கத்தை சமாளிக்க முடியாம போறது, நான் எதுக்கும் லாயக்கில்லைங்கற நினைப்பு, யார்கூடயும் ஒட்ட முடியாதது இதெல்லாம் சேரும். அதே சிகிச்சைங்க உதவும், ஆனா நாள் கூடுதலாகும், நம்பிக்கை வர்றதுக்கே சில மாசம் ஆகலாம், அதை உங்க குறையா நினைக்காதீங்கம்மா.

என் பையனுக்கு ஆறு வயசு, விபத்துக்கு அப்புறம் பொம்மை காரை மோத விட்டே விளையாடறான்.

குழந்தைங்க வாயால சொல்றதை விட விளையாட்டுலதான் சொல்லும். திரும்பவும் படுக்கையில ஒண்ணுக்குப் போறது, உங்களை விட்டுப் பிரிய மறுக்கறதும் இருந்தா குழந்தைங்க சைக்காலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க. அவங்களுக்குன்னே அம்மா அப்பாவையும் சேர்த்துப் பண்ற தெரபி இருக்கு, மாத்திரை முதல் வழி இல்ல.

என் வீட்டுக்காரருக்கு இருக்கு. தொட்டாலே கத்தறார். நான் என்ன பண்றது?

அக்கா, அவர் கத்தறது உங்களைப் பார்த்து இல்லைன்னு சொல்றது சுலபம், தினம் கேக்கறது உங்க காது. பின்னாடியிலருந்து போய்த் தொடாதீங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டு முன்னாடி போங்க. தூக்கத்துல கத்தினா உலுக்காதீங்க, தள்ளி நின்னு லைட்டைப் போட்டு "வீட்லதான் இருக்கீங்க"ன்னு சொல்லுங்க. "மறந்துடுங்க"ங்கற வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க. அவருக்காக எல்லா வேலையையும் நீங்களே ஏத்துக்கிட்டு அவர் வெளிய போகாம இருக்கறதுக்கு வசதி பண்ணிக் குடுக்காதீங்க, எங்கம்மா பாசத்துல எனக்கு அதைத்தான் பண்ணினாங்க. அடிக்கற அளவுக்குப் போனா நோயாளின்னு பொறுத்துக்க வேண்டாம், உங்க பாதுகாப்பு முதல்ல. சாகறதைப் பத்திப் பேசினா மாத்திரை, கத்தி, ஆயுதம் எல்லாத்தையும் கைக்கு எட்டாத இடத்துக்கு மாத்திட்டு, தனியா விடாம எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க.

நல்ல தெரபிஸ்டுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஃபோன்லயே கேளுங்க. "பிடிஎஸ்டிக்கு எந்த முறையில பண்ணுவீங்க, அதுல பயிற்சி எடுத்திருக்கீங்களா, சுமார் எத்தனை செஷன், முன்னேற்றத்தை எப்படி அளப்பீங்க?" பழகினவங்க இதுக்குக் கோபப்பட மாட்டாங்க, நேரா பதில் சொல்லுவாங்க. ஆறேழு செஷன் போயும் சம்பவத்தைப் பத்திப் பேச்சே எடுக்கலைன்னா ஏன்னு கேளுங்க, காரணம் இருக்கலாம், காரணமே சொல்லலைன்னா ஆளை மாத்துங்க.

முதல் தடவை டாக்டர்கிட்ட போறேன், வாயே வராது. என்ன சொல்றது?

நடந்ததை முழுசா சொல்லணும்னு கட்டாயமே இல்ல. ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க: "இத்தனை மாசத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு கொடுமை நடந்துச்சு, அதைப் பத்தி இன்னைக்குப் பேச முடியாது. வாரத்துல இத்தனை நாள் கனவு வருது, இத்தனை மணி நேரம்தான் தூங்கறேன், இந்த இடத்துக்கெல்லாம் போக முடியல, இந்த மாத்திரைங்க சாப்பிடறேன், சாகணும்னு தோணுது அல்லது தோணல." நான் அப்படி ஒரு பேப்பரைத்தான் மேஜையில வெச்சேன், கை நடுங்கிட்டு இருந்துச்சு. அவங்க படிச்சுட்டு கதவுப் பக்கம் இருந்த நாற்காலியைக் காட்டி, "அங்க உட்காருங்க, வெளிய போகணும்னு தோணினா எப்ப வேணா போகலாம்"னாங்க.